எத்தனை நாள் இருப்பீங்க?

வீட்டுக்கு வந்தவரிடம் "எப்போ கிளம்புறீங்க?" என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டுமென்றால், "ஊர்ல நல்ல மழையாமே, வீட்டைப் பூட்டிட்டா வந்தீங்க?" என்று ஆரம்பிப்போம். வந்தவரும் தேதி சொல்லமாட்டார். ஒருநாள் காலையில் பையைக் கொண்டுவந்து வாசல் பக்கம் வைப்பார். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்று நாம் சொல்ல, அதை நம்பி அவர் பையை உள்ளே எடுத்துப் போகாமல் இருக்க, எல்லாம் சுமுகமாக முடியும்.

இந்த நாசூக்கெல்லாம் கனடா அரசாங்கத்துக்குத் தெரியாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று விசா படிவத்தில் பட்டவர்த்தனமாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறது.

மகன் பிராம்ப்டனில் இருக்கிறான். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். "இந்தத் தடவை நிறைய நாள் இருக்கிற மாதிரி வாங்கப்பா" என்றான். நிறைய நாள் என்றால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் மனைவிக்கு அதில் ஒரு கணக்கு இருக்கும். அதை அவனே கேட்டிருக்கமாட்டான்.

நிரந்தரமாகவே அழைத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் அதற்கான விண்ணப்பத்தை இணையத்தில் திறந்தபோது 27,000 இடமும் பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோனது. நம் ஆட்கள் தத்கால் டிக்கெட்டில் எடுத்த பயிற்சி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு குலுக்கல் முறைக்கு மாற்றி, 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே வருஷா வருஷம் பொறுக்கி எடுத்தார்கள். என் மகன் அப்போது பெயர் கொடுக்கும் நிலையிலேயே இல்லை. கொடுத்து, சீட்டும் விழுந்திருந்தால், அப்பா அம்மாவை 20 வருஷம் வைத்துக் காப்பாற்றுவதாக அவன் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு 67 ஆகிறது. 87 வரை உத்தரவாதம். எந்த ஜோசியரும் எனக்கு அவ்வளவு தந்ததில்லை.

அடுத்தது சாதாரண விசிட்டர் விசா. ஒரு தடவை போனால் வழக்கமாக ஆறு மாதம். சுலபம், செலவு குறைவு, கௌரவமும் கெடாது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "ஆறு மாசத்துல அந்தக் குழந்தை நம்ம முகத்தைப் பழகவே ரெண்டு மாசம் போயிடும். பழகின கையோட பெட்டி கட்டணுமா?" ஏப்ரலில் போனால் பேரனின் பிறந்தநாள் கிடைக்காது, அக்டோபரில் போனால் பனிக்காலம் முழுக்க ஜன்னலோரமே கதி என்று காலண்டரை வைத்துக்கொண்டு வாதாடினாள். தபால் துறையில் 36 வருஷம் இருந்தவன் நான். ஆனாலும் வீட்டுக் காலண்டர் விஷயத்தில் எனக்கு அதிகாரம் கிடையாது.

மூன்றாவது சூப்பர் விசா. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும். முதலில் ஒரு தடவைக்கு இரண்டு வருஷம் என்று வைத்திருந்தார்கள். 2022 ஜூலையிலிருந்து ஐந்து வருஷம் வரை இருக்கலாம். பத்து வருஷம் வரை போகலாம், வரலாம். "இதையே போடுவோம்ப்பா" என்றான் மகன். போனில் பின்னால் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. சாதாரணமாக வைத்தார்களா, அழுத்தி வைத்தார்களா என்று நானும் என் மனைவியும் இரண்டு நாள் விவாதித்தோம்.

சூப்பர் விசாவுக்குப் பிள்ளையின் வருமானம் ஒரு வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். அந்த வரம்பு குடும்பத்தின் தலை எண்ணிக்கையைப் பொறுத்தது. அவன், மனைவி, குழந்தை. கூடவே அழைக்கப்படும் நாங்கள் இருவர். ஆக ஐந்து பேர். கும்பகோணம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை நானே நீக்கியிருக்கிறேன். ஒட்டாவா அவன் குடும்பத்தில் எங்களைச் சேர்த்துவிட்டது.

வருமானத்துக்கு அத்தாட்சியாக அந்த ஊர் வரித்துறை அனுப்பிய தாள் வாட்ஸப்பில் வந்தது. அவன் சம்பளம் இதுவரை எனக்கு "பரவாயில்லப்பா" என்ற அளவில்தான் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டாலரை ரூபாயாக்கி மனைவியிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது. அடுத்த வரியில் கட்டிய வரி இருந்தது, அதையும் ரூபாயாக்கினேன். வீட்டுக் கடனுக்கு மாசாமாசம் என்ன போகிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கழித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு நாமதான் ஏதாவது அனுப்பணும் போலிருக்கே" என்றாள்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. ஆளுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு, ஒரு வருஷத்துக்கு எடுத்தாக வேண்டும். வைத்தியம், ஆஸ்பத்திரி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் அதில் அடங்க வேண்டும். மூன்றாவதை மகன் வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டான். "எந்த நிலைமையில திருப்பி அனுப்புவாங்களாம்?" என்றாள் அவள். அவன் லைன் சரியில்லை என்றான்.

எங்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து வேண்டுமென்றால் பிரீமியம் ஏறும். அதற்கும், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில் மாத்திரை அளவு மாறியிருக்கக் கூடாது என்று நிபந்தனை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் குறைக்கலாம் என்றார். நாலு வருஷமாக அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்த வார்த்தை. அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள முடியாமல், நல்லதாகத் தேறினாலும் அது மாற்றம்தானா என்று ஏஜென்டுக்குப் போன் போட்டேன். மாற்றம்தான் என்றார் அவர்.

குடும்ப விவரப் படிவம் கையில் வந்தபோது, ஆயுசெல்லாம் படிவம் வாங்கிப் பார்த்தவன் என்ற தெம்பில் உட்கார்ந்தேன். அம்மா இறந்த தேதி கேட்டிருந்தது. ஆவணி, தேய்பிறை துவாதசி. வருஷா வருஷம் தவறாமல் திதி கொடுக்கிறேன். ஆனால் இங்கிலீஷ் தேதி? அக்காவுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு வெள்ளிக்கிழமை, கரெண்ட் இல்லை" என்றாள். அந்தக் கட்டத்தில் கரெண்டுக்கு இடமில்லை. இறப்புச் சான்றிதழ் தேடி பீரோவைக் கவிழ்த்ததில், மகன் எட்டாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மார்க்குதான் முதலில் கிடைத்தது.

எதிர்வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒன்று கிளப்பினார். "அஞ்சு வருஷம் அங்கேயே இருந்தா, நவம்பர்ல நீங்க உயிரோட இருக்கீங்கன்னு யார் சார் எழுதிக் கொடுப்பா?" ஆயுள் சான்றை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்றேன். "அது சரி, அந்தக் குளிர்ல முகம் முகமா இருக்கணுமே" என்று கவலைப்பட்டார்.

எல்லாம் சேர்ந்தது. மகன் எழுத வேண்டிய அழைப்புக் கடிதமும் வந்தது. எத்தனை நாள் தங்குவார்கள் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். "நீங்களே சொல்லுங்கப்பா, போட்டுடறேன்." நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பஞ்சாங்கத்தைப் பார்த்தாள்.

"2028 மாசியில மகாமகம். உங்க சொந்தம், என் சொந்தம் எல்லாம் நம்ம வீட்லதான் வந்து இறங்கும். கதவு திறக்க ஆள் வேணாமா? தைக்குள்ள திரும்பிடணும்னு எழுதச் சொல்லுங்க."

மகன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு உற்சாகமாகிவிட்டான். விண்ணப்பிப்பவர் கட்டாயம் ஊர் திரும்புவார் என்று அதிகாரி நம்ப வேண்டுமாம். வீட்டுப் பத்திரமும் பென்ஷன் புத்தகமும் எல்லோரும்தான் வைப்பார்கள், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் காரணம் யாரிடம் இருக்கும் என்றான்.

"ஆதாரம் ஏதாவது இருக்காப்பா? போன மகாமகத்துல நீங்க எடுத்த போட்டோ?"

இருக்கிறது. 2016இல் மகாமகக் குளத்தில் எடுத்தது. லட்சம் தலை தெரிகிறது. அதில் எங்கள் தலை எது என்று இரண்டு நாளாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.