மெஷினுக்கு லீவு உண்டா?

கே: “மெஷினை நிறுத்தாதே” என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். “நிறுத்து” என்கிறார் மெயின்டனன்ஸ் மேனேஜர். யார் பேச்சைக் கேட்பது? (ஷிப்ட் சூப்பர்வைசர், குரோம்பேட்டை)

ப: இருவரும் சண்டையை முடிப்பதற்குள் மெஷினே தீர்ப்பு சொல்லிவிடும், அதுவும் டெஸ்பாட்ச் அன்றைக்குப் பார்த்து! வாரத் திட்டம் போடும்போதே சர்வீசையும் ஓர் ஆர்டராக எழுதிவிடுங்கள். டை மாற்ற எப்படியும் பிரஸ் நிற்கத்தான் போகிறது. கிரீஸ், பெல்ட் வேலையை அப்போதே முடிக்கலாம். ஸ்பேர் கைக்கு வந்தபிறகு ஸ்பேனரை எடுங்கள். பேரிங் பாரிமுனையிலும் பிரித்துப்போட்ட மெஷின் பல்லாவரத்திலும் கிடந்தால், புரொடக்‌ஷன்காரர் கத்துவதில் நியாயம் உண்டு.

கே: மாதாந்திர கரண்ட் கட் நாளில் சர்வீஸ் வைத்துக்கொள்ளலாமா? (பட்டறை உரிமையாளர், பெருங்களத்தூர்)

ப: தாராளமாக. காலை 9 முதல் மதியம் 2 வரை என்று மின்வாரியமே நாள் குறித்துக் கொடுக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கிற செலவு மிச்சம். ஆனால், மாற்றிய பேரிங் சத்தம் போடுகிறதா என்று பார்க்கக் கரண்ட் வேண்டுமே! 2 மணிக்கே ஆர்டரை ஏற்றாமல், கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை ஃபிட்டர் பாக்கெட்டில் போடுங்கள். ‘பணி முடிந்தால் முன்பே மின்சாரம் தரப்படும்’ என்று அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கிறது, அது விளையாட்டில்லை.

கே: 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக மின்சார ரயில்களை ரத்து செய்தார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தானா?

ப: அதேதான். தேதி சொல்லி, கூடுதல் பஸ் விட்டு, தண்டவாளத்தை வேலைக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். 14-ம் தேதி வரை என்றது 18 வரை இழுத்தது. உங்கள் அட்டவணையிலும் அரை ஷிப்ட் கொசுறு வையுங்கள்.

கே: ஆயுத பூஜையால் மெஷினுக்கு என்ன லாபம்?

ப: பொட்டு வைக்கக் குனிகிறவர் கண்ணில்தான் ஆயில் கசிவும் தளர்ந்த போல்ட்டும் படுகின்றன. ஓட்டுகிறவரே துடைத்து, எண்ணெய் விட்டு, கவனிக்கும் முறைக்காக ஜப்பானின் நிப்பான்டென்சோ 1971-ல் விருதே வாங்கியது. நம்மிடம் அது வருடத்துக்கு ஒருமுறை, பொரிகடலையோடு.

கே: ‘ஓடுகிற மெஷினைத் தொடாதே’ என்பது எங்கள் முதலாளி கொள்கை. (மெப்ஸ் ஊழியர், தாம்பரம் சானடோரியம்)

ப: அவர் காருக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறார் என்று கேளுங்கள். வேலை நிரந்தரமான பிறகு!