ஊதாங்குழலும் ஒரு வெள்ளை வேட்டியும்

வாடா கண்ணு, வா. திண்ணையில உக்காரு. அந்த வேட்டி மேல மட்டும் உக்காந்துறாதே. அது சாட்சிக்கு வெச்சிருக்கறேன், அப்பறம் சொல்றேன். மூஞ்சி ஏன் வதங்கின கத்திரிக்காயாட்ட இருக்குது? புகை டெஸ்ட்டுல வண்டி பெயிலா? பத்தாவதுல நீயே பெயிலானப்பக்கூட இத்தனை வெசனப்படலியே!

யோசனை கேக்கச் செரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறே. நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன் நான். அந்தியூர் சந்தை, கண்ணபுரம் சந்தைன்னு துண்டுக்குள்ள கையை உட்டு, வெரலைப் புடிச்சு வெலை பேசி, கெழட்டு எருதை எளங்காளைன்னு தள்ளி உட்ட கை இது. கொம்பைச் சீவி எண்ணெய் தடவறது, வயிறு முட்டத் தண்ணி காட்டறது, அத்தனையும் தெரியும். உன்ற காரை அரை மணி நேரம் யோக்கியனாக் காட்டறது எனக்கு ஒரு பெரிய சோலியா?

மொதல்ல என்னென்ன பண்ணி வெச்சிருக்கறேன்னு சொல்லு. லேப்டாப்பைச் சொருகி ரீமேப் பண்ணியாச்சு. செரி. ஈஜிஆரை அடைச்சாச்சு. செரி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழட்டி எறிஞ்சுட்டு வெறுங்குழாயை மாட்டியாச்சு. பேஷ்! மூக்கணாங்கயித்தை நீயே அறுத்துட்டு, எருது சொன்னபடி கேக்க மாட்டீங்குதுன்னு எங்கிட்ட வந்து அழுவறே.

டர்போன்னா என்னன்னு உன்ற அப்பத்தாளைக் கேளு. அவ கையில இருக்கற ஊதாங்குழல்தான் அது. 1905-லயே ஆல்ஃபிரட் பூக்கின்னு ஒரு சுவிட்சர்லாந்து இன்ஜினியர் அதுக்குப் பேட்டண்ட் வாங்கிட்டாரு. அடுப்பை உட்டு வெளிய போற புகையையே கூலியில்லாத ஆளாப் புடிச்சு, காத்தை உள்ள ஊத வெக்கறது. கெட்டிக்காரத்தனந்தான். ஆனா அந்தப் புகை போயிச் சக்கரத்தைச் சுத்தி, ஊத ஆரம்பிக்கறதுக்குச் சித்த நேரமாகும். அதுவரைக்கும் டீசலை அளந்து உடுன்னு கம்பெனிக்காரன் ஒரு கடிவாளம் போட்டிருந்தான். உன்ற லேப்டாப்காரன் அதை அவுத்து உட்டுட்டான். ஊதறதுக்கு முந்தியே அடுப்பு நெறைய வெறகைத் திணிச்சா என்ன ஆகும்? சோறு வேகாது, கண்ணுதான் எரியும்.

டெஸ்ட்டுக்காரன் பாக்கறதும் அதைத்தான். நின்ன எடத்துல இன்ஜினை ஓடவெச்சு, ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியா மிதிக்கச் சொல்றான். வர்ற புகைக்குக் குறுக்கால வெளிச்சத்தை உட்டு, எத்தனை மறைக்குதுன்னு அளக்கறான். உன்றது பிஎஸ் 4 டீசல், 50-ஐத் தாண்டப்படாது. உனக்கு எத்தனை வந்துச்சு? 83-ஆ! இந்த மார்க்கைப் பத்தாவதுல வாங்கியிருந்தீன்னா உங்கொப்பன் கெடா வெட்டிப் பந்தி போட்டிருப்பான்.

செரி, வித்தைக்கு வருவோம். காதை இப்படிக் குடு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே.

மொத வித்தை, ஆறின மெசினோட போய் நிக்காதே. பத்து மைலு ஓட்டிட்டுப் போ. ஆயில் 60 டிகிரியாச்சும் சூடாகி இருக்கோணும்னு சோதனை முறையிலயே இருக்குது. ரெண்டாவது, ஏர் பில்டரைக் கழட்டித் தட்டிப் பாரு. நம்ம பருத்திக் காட்டு மண்ணு அரைப்படியாச்சும் விழுகும். மூணாவது, டர்போவுல இருந்து வர்ற ரப்பர் குழாயைத் தடவிப் பாரு. மேல ஆயில் பிசுக்கு இருந்தா கிளிப்பு லூசுன்னு அர்த்தம். இத்தனை மூட்டை காத்து வருதுன்னு கணக்குப்புள்ளை எழுதிட்டாரு, வர்ற வழியில பாதி சிந்திப்போச்சு. எழுதின கணக்குக்கு டீசல் விழுகுது, எரிக்கறதுக்குக் காத்தைக் காணோம். நாலாவதுதான் பெரிய வித்தை: கழட்டினதை மாட்டு, பழைய ஃபைலையே திருப்பி ஏத்து. ஏத்தறதுக்குக் காசு வாங்கினவன் எறக்கறதுக்கும் வாங்குவான். கொடுத்துத் தொலை.

என்ன முழிக்கறே? ஏமாத்தற வழி கேட்டா வண்டியைச் செரி பண்ணச் சொல்றானே கெழவன்னு பாக்கறயா? ஒருத்தனும் பண்ணறதில்லைங்காட்டித்தான் கண்ணு அது இன்னும் ரகசியமாவே இருக்குது.

வண்டி வூட்டுல நிக்க, சர்டிபிகேட்டை மட்டும் வாங்கித் தர ஆளிருக்குதுன்னு உன்ற கூட்டாளி சொன்னானாக்கும்? மாட்டைக் காட்டாம மணியை ஆட்டியே வித்தவன் எங்க காலத்துலயும் இருந்தான். ரோட்டுல நிறுத்தினாங்கன்னா காயிதம் புகையை மறைக்குமா? புகைக்கு 10,000 ரூபா வரைக்கும் அபராதம். அனுமதியில்லாம வண்டியை மாத்தினா மாத்தம் ஒண்ணுக்கு 5,000. நீ மூணு பண்ணியிருக்கறே, கணக்கை நீயே போட்டுக்க.

டெஸ்ட்டு நேரத்துல மட்டும் நல்லவனா இருக்கறதை உன்னையவிடப் பெரிய ஆளுக பண்ணிப் பாத்தாச்சு. ஃபோக்ஸ்வாகன்காரன் அதுக்குன்னே சாப்ட்வேர் எழுதி, உலகம் பூரா 1.1 கோடி வண்டியில போட்டான். டெஸ்ட்டுன்னு மோப்பம் புடிச்சா வண்டி சாமியாராயிரும். அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்காரங்க வண்டியை ரோட்டுல ஓட்டிக்கிட்டே அளந்தாங்க. 2015-ல குட்டு ஒடைஞ்சுது. சந்தையில பாக்காதே, ஏருல பூட்டிப் பாருன்னு நாங்க சொல்றதுதான் அது.

நாங்கூட ஒருக்கா ஒரு கெழட்டு எருதைக் கொம்பு சீவி, எண்ணெய் பூசி வித்தேன். மூணு கை மாறி, ஆறே மாசத்துல என்ற மாமனார் கட்டுத்தறியில வந்து நின்னுச்சு. விருந்துக்குப் போன எடத்துல, “மாப்ள, சித்த ஏரைப் புடிங்க”ன்னாரு. நாலு சால் ஓட்டறதுக்குள்ள மூணு தடவை படுத்துருச்சு. அதை அடிக்கவும் முடியலை, நான் வித்ததுதான்னு சொல்லவும் முடியலை.

இப்ப அந்த வேட்டியை எடுத்து விரி. நேத்துக் காலையில சலவை மடிப்புக் கலைச்சுக் கட்டினது. பல்லடம் ரோட்டுல ஒரு டிவிஎஸ் பிப்டியைத் தாண்டறப்ப ஒரு மிதி மிதிச்சயே, நெனப்பிருக்குதா? திரும்பிப் பாத்திருந்தீன்னா ஓட்டிட்டு வந்தது யாருன்னு தெரிஞ்சிருக்கும். கொண்டுபோயி உன்ற அப்பத்தாகிட்டயே குடு. அவ மெசினு இல்லாமயே எத்தனைன்னு சொல்லுவா.