உருப்படாத ஆட்டங்களின் பாடத்திட்டம்

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் திருநீர்மலையில் பிள்ளைகள் இரண்டே வகை. படிக்கிற பிள்ளை, ஆடுகிற பிள்ளை. இரண்டும் ஒரே பிள்ளையாக இருக்கலாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்று என் அக்கா மகன் சனிக்கிழமை இரவானால் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் கோவையிலும் இருக்கும் சிநேகிதர்களோடு ஆன்லைனில் விளையாடுகிறான். எட்டிப் பார்த்தால், "மாமா, கிளாஸ் போயிட்டிருக்கு" என்கிறான். ஆட்டக் கோட்பாடு, ஆட்ட வரலாறு, ஆட்ட வடிவமைப்பு என்று மூன்று பாடமாம். ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை. ஆடுவார்கள், பாதியில் நிறுத்துவார்கள், ஏன் அப்படி நகர்த்தினாய் என்று ஒருவரை ஒருவர் குடைவார்கள். ஆடும் நேரத்தைவிடக் குடையும் நேரம் அதிகம்.

எங்களுக்கும் மூன்று பாடம் இருந்தது. அடிவாரத்துக் கல்தரையில் செங்கல் துண்டால் கோடு கிழித்தால் ஆடுபுலி. அத்தைப் பாட்டி வீட்டுத் திண்ணையில் தாயம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம். பெருமாள் ஊர் என்பதால் இந்த மூன்றாவதற்கு மட்டும் பெரியவர்களின் அனுமதி உண்டு. நடுவில் கோயிலில் சினிமாக் கல்யாணம் எடுக்க வண்டி வந்துவிட்டால் புலியையும் ஆட்டையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம்.

"பரமபதம் கேமே இல்ல மாமா. நாம முடிவெடுக்க அதுல என்ன இருக்கு? உருட்டறோம், விழுந்த எண்ணுக்குப் போறோம், பாம்பு கடிச்சா இறங்கறோம்" என்றான் ஒருநாள். கோட்பாட்டின்படி சரிதான். முடிவெடுக்க இடமில்லாத இடத்தில் உத்தி ஏது? உன் கையில் ஒன்றுமில்லை என்பதை ராத்திரி முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதானே அதன் வேலை, சரணாகதிக்கு அதைவிட நல்ல வடிவமைப்பு எது என்று கேட்டேன். குறித்துக்கொண்டான். அடுத்த வாரம் அது அவர்களுடைய மூன்றாம் பாடத்தில் சேர்ந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் இதை எடுத்துப்போய், சொர்க்கத்தை உருவிவிட்டு, பாம்பையும் ஏணியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது இரண்டாம் பாடம்.

தாயத்தில் இன்னும் ஆழமாக இறங்கினார்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. ஆகமொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் என்கிற ஒன்று 2 விதம், அதாவது எட்டுக்கு ஒன்று. ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் பதினாறுக்கு ஒன்று. மறுபடி உருட்டும் உரிமை தருகிற ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு எல்லாம் அருகி விழுகிறவை. அடிக்கடி விழும் இரண்டு, மூன்று, நான்குக்கு அந்த உரிமை இல்லை. பேர் தெரியாத யாரோ கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார் என்று டொராண்டோப் பெண் அசந்துபோனாளாம். எங்கள் பாட்டி கட்டையை உள்ளங்கையில் தேய்க்கிற தேய்ப்பிலேயே வேண்டிய எண்ணை வரவழைத்துவிடுவாள் என்று தெருவில் பேச்சு. அது எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. அதன் நேபாள உறவான பாக் சாலில் 4 புலி, 20 ஆடு. இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் பாக் சால் டிராவில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், நீவர்கெல்ட் என்ற இருவர் கணினியைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். எங்களுக்கு டிரா என்பதே கிடையாது. இருட்டிவிட்டால் புலிக்கு வெற்றி. ஏனென்றால் புலி எப்போதும் பெரிய பையன்.

வடிவமைப்புப் பாடத்தில் எனக்குப் பிடித்தது 'ட்ரேட்'. கோடை விடுமுறையில் பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கி, அடுத்தவன் வந்து நின்றால் வாடகை கறந்தோமே, அதன் மூலத்தை எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். நிலத்தை வளைத்துப் போட்டு வாடகையில் கொழுப்பது எவ்வளவு அநியாயம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் அவர் நோக்கம். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் 'மோனோபொலி'யைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது மேகியின் காப்புரிமைக்கு 500 டாலர் கொடுத்து முடித்தது. அநியாயம் என்ற பகுதி பெட்டிக்குள் வரவே இல்லை. நாங்கள் ட்ரேட் ஆடிய நாளில் மலையைச் சுற்றி நெல் விளைந்தது. இன்று கிரவுண்டு கணக்கில் பேசுகிறார்கள். எங்களோடு ஆடி எப்போதும் திவாலானவன்தான் இப்போது மனை விற்கிறான். மேகி சொல்ல வந்ததை ஒருத்தனாவது தலைகீழாகவேனும் கற்றிருக்கிறான்.

வரலாற்றுக்கு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 2022இல் வந்த இந்தியப் பகுதியில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பு இருக்கிறது. சிப்பாயைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறான். கப்பல் சரியா, யானை சரியா என்று நள்ளிரவு வரை சண்டை. பக்கத்துப் பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கால மனிதனின் கைக்கோடரியை எடுத்தார், இந்திய வரலாற்றையே பின்னால் தள்ளிய கல் அது என்று சொன்னேன். "அப்படியா" என்றான். அதற்கு இன்னும் யாரும் கேம் போடவில்லை.

அக்காவின் கவலை வேறு. "உள்ளே ரம்மி கிம்மி ஆடறானாடா?" என்பாள். பணம் வைத்து ஆடுவதைத் தடுக்க மாநிலம் 2022இலும் மத்திய அரசு 2025இலும் சட்டம் போட்டபிறகும் அந்தப் பயம் போகவில்லை. இவர்கள் ஆட்டத்தில் கைமாறுவது அபிப்பிராயம் மட்டும்தான்.

ஒருவிதத்தில் இந்தக் கூட்டம் எங்களைப் போலவேதான். அதைச் சொல்ல ஒரு பழைய போட்டிக்குப் போக வேண்டும். 1980 வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணினி நிரல்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டும். ஜெயித்தது வந்தவற்றில் ஆகச் சிறிய நிரல், டொராண்டோவிலிருந்து அனடோல் ராப்பபோர்ட் அனுப்பியது. முதலில் நல்லபடியாக ஆடு. அவன் ஏமாற்றினால் அடுத்த சுற்றில் நீயும் ஏமாற்று. அவன் திருந்தினால் நீயும் பழையதை மற. பல்லாங்குழியில் நான் ஒரு முத்தைச் சுருட்டினால் பாட்டியும் ஒன்றைச் சுருட்டுவாள், மறுநாள் சுண்டலும் தருவாள். நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டியிருந்தால்தான் இந்த உத்தி பலிக்கும். மலையைத் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்று தலபுராணம் சொல்லும் ஊரில், நாங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். அந்த வரிசையிலும் குடத்தை முன்னே தள்ளாதிருக்க, நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதுதான் காரணம்.

முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது தோற்கப்போகிறவன் வெளியேறிவிடுகிறான். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் அப்படிப் போவதில்லை. அடுத்த சனிக்கிழமை வருமே. இப்போது ஒரு ஆள் குறைகிறதாம். விருப்பமிருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன். ஆடத் தெரிந்தால் போதும். கோட்பாட்டை அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், வேண்டாம் என்றாலும்.