16 டிகிரிக்காரர்

"சாப்டாச்சாண்ணே?" என்று கேட்டால், "பதினஞ்சு புள்ளி எட்டு" என்று பதில் வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பவுன் கணக்கு என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கோரிப்பாளையத்தில் எங்கள் சந்துக்காரர்களுக்குத் தெரியும், அது அண்ணன் வீட்டு மீன் தொட்டியின் தற்போதைய சூடு.

வெறுமனே கடல் மீன் வளர்ப்பவர் என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், அந்த ஜாதி நம் வெயிலைச் சமாளிக்குமே என்று சொல்லிப் பார்த்தோம். "அது சுடுதண்ணி மீனு தம்பி. யாரு வேணாலும் வளக்கலாம்" என்று முடித்துவிட்டார். இவருடையது கலிபோர்னியாக் கரையோரத்துக் கேட்டலினா கோபி. ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. ஆரஞ்சு உடம்பு, அதில் நீலப் பட்டைகள். அது குளிர்கடல் மீன் என்று சொல்லாமலே விற்கிற கடைகள் உலகம் முழுக்க உண்டு. வாங்கியவர் வீட்டு வெதுவெதுப்பில் அது சீக்கிரமே போய்ச் சேரும். அண்ணன் விவரமான ஆள். மதுரையில் 40 அடித்தாலும் தொட்டியில் 16.

அந்த 16-ஐக் காப்பாற்ற ஒரு துப்பாக்கி வாங்கினார். கொரோனாக் காலத்தில் ஜவுளிக்கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த ஜாதிதான். ஆனால் பட்டறைகளில் பயன்படுத்துகிற பெரிய ரகம். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் வரும். இதில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று சுட்டால் கண்ணாடியின் சூடுதான் வரும், உள்ளே இருக்கிற தண்ணீருடையது வராது. மூடியைத் திறந்து மேலே இருந்து சுட வேண்டும். திறந்தால் மீன் கல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளும். எனவே தொட்டிக்கு வழக்கம்போல ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை மிதக்க விட்டுவிட்டார். வாங்கிய துப்பாக்கியைச் சும்மா வைத்திருக்க முடியுமா? இடுப்பில் செருகிக்கொண்டு ஊரைச் சுட ஆரம்பித்தார்.

ஆட்டோவில் ஏறுமுன் சீட்டைச் சுடுவார். "52. செத்த நேரம் நிழல்ல நிறுத்துப்பா." இட்லியைச் சுடுவார், சட்னியைத் தனியாகச் சுடுவார். விருந்தாளி செருப்பைக் கழற்றியதும் பாதத்தைச் சுட்டு, "நடந்தா வந்தீங்க?" என்பார். ஜிகர்தண்டா கடையில் வரிசையில் நிற்கிறவர்களின் டம்ளர்களை ஒவ்வொன்றாகச் சுட்டு, யாருக்குக் குளிர்ச்சி குறைவு என்று அறிவித்து, கடைக்காரர் வாயால் அர்ச்சனை வாங்கியிருக்கிறார். டீக்கடையில் ஒருநாள் எவர்சில்வர் டம்ளரைச் சுட்டதில் 34 வந்தது. "மாஸ்டர், ஆறிப்போச்சு" என்று சத்தம்போட்டுவிட்டு ஒரே மடக்காகக் குடித்தார். பளபளக்கிற எவர்சில்வரில் அந்தக் கருவி ஏமாந்துவிடும். பாத்திரத்தின் சூட்டைப் படிக்காமல், எதிரே இருப்பதன் பிரதிபலிப்பைப் படிக்கும். ரெண்டு நாள் அண்ணன் பேசவில்லை. சந்து நிம்மதியாக இருந்தது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற விடியற்காலை. திருவிழாவுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். பாலத்திலும் கரையிலும் எள் போட இடமில்லை, அத்தனை தலையும் ஒரே திசையில் திரும்பியிருக்கிறது. அண்ணன் மட்டும் குனிந்து வைகையைச் சுட்டார். "29. நம்ம கோபி இதுல ஒரு மணி நேரம் தாங்காது" என்று வருத்தப்பட்டார். வைகையில் கோபியை யார் விடச் சொன்னது?

சரி, அந்த மீனைப் பார்த்தவர் யார்? 16 டிகிரிக் கண்ணாடியின் மேல் மதுரைக் காற்று பட்டால் முத்து முத்தாக வேர்க்கும். கனமான ஆக்ரிலிக் போட்டால் குறையும், அதற்குப் பணம் சேரவில்லை. மதினி துண்டால் துடைப்பார்கள், துடைத்த இடம் மறுபடி மங்கும். "ஆரஞ்சா ஒண்ணு தெரியுதுல்ல?" என்பார் அண்ணன். தெரியுது என்று சொல்லாமல் அந்த வீட்டை விட்டு வெளியேற முடியாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைக்க ஆர்.ஓ. கேன் கேனாக வருகிறது; சமையலுக்கு போர் தண்ணி. "அதுவும் உப்புத் தண்ணிதானே, அதுல கொஞ்சத்தைத் தொட்டிக்கு ஊத்தக் கூடாதா?" என்று மதினி கேட்டதற்கு, "அது வேற உப்பு" என்று ஒரே வரியில் பதில்.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்தால் அண்ணன் வேறு ஆளாகிவிடுவார். தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் எந்திரத்தை இன்வெர்ட்டர் இழுக்காது. முதல் நாளே சந்திலுள்ள பிரிட்ஜ் அத்தனையிலும் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்து உறைய வைத்திருப்பார். ஒவ்வொன்றாக வாங்கி வந்து மிதக்க விட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பனையோலை விசிறியால் தண்ணீர்மேல் வீசிக்கொண்டே இருப்பார். ஆவியாகப் போகிற தண்ணீர் கொஞ்சம் சூட்டைக் கூடவே கொண்டுபோகும். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறைந்துவிடும் என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். முதுகெல்லாம் வியர்வை ஓடியது. தனக்கு ஒரு வீச்சுகூட வீசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்தத் துப்பாக்கி எங்கே என்றே அவர் தேடவில்லை. அந்த நேரத்தில் யாராவது அவரைக் கிண்டலடித்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆனால் சில்லர் விஷயம் வேறு. சில்லர் எங்கிருந்தோ குளிரைக் கொண்டுவருவதில்லை. தண்ணீரின் சூட்டை உறிஞ்சி, தன் கம்ப்ரசர் சூட்டையும் சேர்த்து வெளியே ஊதுகிறது. கூடம் சூடாகிறது என்று அதைப் பக்கவாட்டு ஜன்னலுக்கு மாற்றினார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எங்கள் படுக்கையறை ஜன்னல். திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். வயதான என் அம்மா நடுராத்திரி எழுந்து வாசல்படியில் போய் உட்கார்கிறாள். ஒரு தகரக் குழாய் போட்டு மொட்டைமாடிக்கு விட்டால் முடிந்தது, அவ்வளவுதான் செலவு. அதைச் சொன்னேன். துப்பாக்கியை எடுத்து எங்கள் சுவரைச் சுட்டார்.

"38. வெயில்ல காஞ்ச சுவரு தம்பி. நம்ம சில்லரால இல்ல."

அப்போது ராத்திரி மணி பதினொன்று.

இப்போது அடுத்த தொட்டிக்குத் திட்டம். லம்ப்சக்கராம். நார்வேயில் சால்மன் பண்ணைகளில் சால்மனின் மேல் ஒட்டுகிற பேனைத் தின்னவிடுகிற உருண்டை மீன். அடிவயிற்று உறிஞ்சியால் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்கு 10 டிகிரி வேண்டுமாம். சில்லர் இதைவிடப் பெரிசு.

"அதோட வாய் எந்தப் பக்கம்ணே?"

"பெட்ரூம் பக்கம் வேணாம்னு சொன்னீங்கல்ல தம்பி, அதான் உங்க அடுப்படிப் பக்கம் வச்சாச்சு."