பஞ்சிகாவத்தை விமர்சகர்

மருதானையில் ஒரு படத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பவர்கள் சினிசிட்டியில் முதல் காட்சிக்கு விசிலடிக்கும் பொடியன்கள் என்று நினைத்தால், நீங்கள் பஞ்சிகாவத்தைக்கு வாகனச் சாமான் வாங்கப் போனதில்லை. அங்கே கடைக்குக் கடை ஒரு நானா உட்கார்ந்திருக்கிறார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்ப்பார். கருத்து மட்டும் வந்த படம் எல்லாவற்றுக்கும் வைத்திருப்பார். அதிலும் தூள் கடத்தும் படமென்றால் பிளேன்டீ ஆறிவிடும்.

2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கும் பொலிஸ்காரர்களை லொறியில் போட்டுக்கொண்டு கார்த்தி ராத்திரி முழுக்க ஓட்டுகிறார். மகளின் முகத்தை ஒருதடவைகூடப் பார்த்திராத அப்பனுக்காகச் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நானாவுக்கு நெஞ்சு அடைத்தது ரேடியேட்டரை நினைத்து.

“அவ்வளவு அடி பட்ட லொறி தம்பி, ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகல்ல! அப்பிடி ரேடியேட்டர் எங்க ஈக்கிண்டு செல்லுங்க, நாளைக்கே கொண்டெய்னர் இறக்குறன்.”

ஒற்றை ஆள் அத்தனை பேரை அடித்து விழுத்தியது? “அது படம்தானே.” படத்தில் வரும் கொக்கெய்ன் மூட்டைகள்? “அது உண்மை. 2016ல நம்மட ஹாபர்லயே 928 கிலோ புடிபட்டிச்சே.” கொழும்புத் துறைமுகத்தில் டிசம்பரில் பிடித்து, 2018 ஜனவரியில் அழித்த கொக்கெய்ன் அது. கணக்குச் சரிதான். ஆனால் அதிலும் அவருடைய ஆதங்கம் வேறு: “பழைய என்ஜின் நாலு கொண்டந்தா எனக்குத்தான் ஆயிரம் பேப்பர் கேக்குறாங்க.”

‘விக்ரம்’ வந்தது 2022 ஜூன் 3. பெற்றோல் லீற்றர் 420 ரூபா; அதுவும் இருந்தால்தான். நானா கியூவில் நின்றுவிட்டுப் பிந்தித்தான் ஹோலுக்குள் போனார். ஆகவே கமலின் ஆரம்பப் பாட்டு போயிற்று. கமலைக் கொன்றதாகக் காட்டும் இடமும் போயிற்று. இடைவேளையில் முகமூடியைக் கழற்றிக் கமல் நின்றபோது ஹோலே எழும்பிக் கத்த, நானா பக்கத்து ஆளைக் கேட்டாராம்: “கமல்ட படத்துல கமல் வாரதுக்கு ஏன் மச்சான் இப்பிடிக் கத்துறானுவள்?”

படத்தில் வாகனங்கள் பறந்து வெடித்தபோது மட்டும் அவர் உண்மையாகவே துடித்தார். ஒவ்வொன்றிலும் எத்தனை லீற்றர் எரிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தார். அந்த மாதத்தில் இலங்கையில் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான் பார்த்தோம்.

நானாவிடம் வாயைக் கொடுத்து அவர் வாயை மூடவைக்க ஒரே ஒரு வழி உண்டு. மாளிகாவத்தையைப் பற்றிக் கேட்பது. டுபாயில் பிடிபட்டு நாடுகடத்தப்பட்ட தூள் கடத்தல்காரர் மாகந்துரே மதூஷ், 2020 ஒக்டோபர் 20 அன்று, இந்தக் கடைகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் செத்தார். ஒளித்துவைத்த ஹெரோயினைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனோம், எதிராளிகள் சுட்டார்கள், இடையில் அகப்பட்டுவிட்டார் என்றது பொலிஸ். 22 கிலோ கிடைத்ததாகவும் சொன்னது.

“‘கைதி’ எடுத்த லோகேஷ் இப்பிடி ஒரு சீன் வெச்சா லொஜிக் இல்லண்டு கிழிச்சிருவன்” என்றார் நானா. பிறகு வீதியை இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். “ஆனா பொலிஸ் எடுக்குற படத்துக்கு நான் கருத்துச் செல்றல்ல தம்பி. கடை மருதானைல ஈக்கி.”

பேச்சை மாற்ற நான் ரோலெக்ஸைப் பற்றிக் கேட்டேன். “அது சுவிஸ் சாமான். இங்க வாரதெல்லாம் டூப்ளிகேட்” என்றார். ‘விக்ரம்’ கடைசியில் சூர்யா ரோலெக்ஸாக வந்து ஹோலையே அதிரவைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. விஜய் சேதுபதி செத்த கையோடு, சனம் வெளியே வர முதல் வேனை எடுக்க எழும்பிப் போயிருக்கிறார். கடைப் பொடியன் போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினான். நானா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முழுக்கப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“இப்பிடிச் சாமான கடேசிலயா வெக்கிற? இத முதல்லயே போட்டிருக்கோணும்!”

முதலில் போட்டிருந்த கமலின் பாட்டு என்னவாயிற்று என்று பொடியன் கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் ஒருவர் வந்து கிளச் பிளேட் விலை கேட்டுவிட்டார்.