டிபன் பாக்ஸ் மூடி காணாமற்போதல்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறப் பெருங்குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள் வரையறை

மூடி என்பது பாத்திரத்தின் வாயை அடைப்பதற்காக அதனோடு சேர்த்து விற்கப்பட்டு, வாங்கிய சில நாட்களிலேயே அதை விட்டுப் பிரிந்துவிடும் தட்டையான உறுப்பு. அதன் வாழ்க்கையில் மூன்று பருவங்கள் உண்டு. பாத்திரம் இருந்து மூடி இல்லாதது முதற்பருவம். மூடி இருந்து பாத்திரம் இல்லாதது இரண்டாம் பருவம். இரண்டும் இருந்து ஒன்றுக்கொன்று பொருந்தாதது மூன்றாம் பருவம். மூன்றையும் காலை ஏழு மணிக்கு ஒரே சமையல் மேடையில் காணலாம். காண நேர்பவர் ஒருவரே. அவரைக் குடும்பத்தார் அம்மா என்று அழைக்கின்றனர். மூடி அகப்படாதபோது இன்னும் உரக்க அழைக்கின்றனர்.

பெருங்குடும்பம் என்று இக்கட்டுரை கொள்வது: மாமனார், மாமியார், கணவர், கல்யாணமாகாத கொழுந்தன், மூன்றுக்குக் குறையாத பிள்ளைகள், காலேஜில் இடம் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வந்து, கிடைத்த பிறகும் இருக்கிற நாத்தனார் மகன். இவ்வீட்டில் காலையில் குறைந்தது ஐந்து பாத்திரங்களாவது சோற்றோடு வாசல் தாண்டும்.

2. ஆய்வுக் களம்

களம் இரண்டு. முதலாவது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம்: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் வட்டாரம். இரண்டாவது இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகள். சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்தையும், மற்றவை திருவிதாங்கூரையும் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் திரளாக வாழ்ந்தும் இவை கேரளத்தோடு நின்றன. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26 அன்று.

கோடு வரைந்தவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், மொழிக் கணக்கைப் பார்த்தார்கள். சோற்றுப் பாத்திரம் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் வேலந்தாவளம் வழியாகக் கோவைக் கல்லூரிக்குப் போகிறது. ஒன்று கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கு. ஒன்று பக்கத்துத் தென்னந்தோப்புக்கு. இடுக்கியில் போக்குவரத்து மறுதிசையில் நடக்கிறது. கம்பம், போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே சோறாக்கி, ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து, மடியில் தூக்குச்சட்டியோடு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வந்து, சாயங்காலம் இறங்குகிறார்கள். ஆகவே இங்கே மூடி தொலைவது இரு மாநில விவகாரம். ஆனால் எந்தச் சோதனைச் சாவடியிலும் இதற்குப் பதிவேடு வைத்ததில்லை.

3. பாத்திர வகைகள்

தூக்குச்சட்டி: கைப்பிடி உள்ளது. இதன் மூடி ஆழமானது. கவிழ்த்தால் குழம்புக் கிண்ணமாகும். இரட்டை வேலை பார்ப்பதால் இரட்டிப்பு வேகத்தில் தொலையும்.

அடுக்கு கேரியர்: கீழடுக்கை மேலடுக்கு மூடும், உச்சியில் இருப்பதற்கு மட்டுமே தனி மூடி. ஒருவருக்கு ஒருவர் மூடியாக இருந்து காலம் தள்ளும் கூட்டுக் குடும்பத் தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது. உச்சி மூடி போய்விட்டால் மொத்தக் கேரியரும் பரணுக்குப் போய்விடும்.

எவர்சில்வர் டப்பா: 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகு ஒன்றை உருவாக்கினார். மூடி துருப்பிடித்து மறைவதை அது தடுத்தது. மற்ற வழிகளில் மறைவதை அவராலும் தடுக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் டப்பா: அமெரிக்கரான ஏர்ல் டப்பர் 1946இல் காற்றுப்புகாத மூடியோடு இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இதன் மூடி சுடுசோற்றின் மீது ஓரிரு முறை வைத்ததும் வளைந்து, பிறகு நாலு மூலைகளில் மூன்றை மட்டுமே பிடிக்கும். நான்காவது மூலை வழியாக ரசம் கணக்கு நோட்டைச் சென்றடையும்.

4. பாத்திரக் கல்வெட்டியல்

இத்துறைக்குரிய முதன்மைச் சான்றுகள் பாத்திரக் கடையில் மெஷின் வைத்துப் பொறித்த எழுத்துகள். இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சீர்வரிசைப் பாத்திரங்களில் அம்மாவின் பிறந்த வீட்டு இனிஷியல் இருக்கும். மொய்ப் பாத்திரங்களில் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி ஆகியவை இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டியதை நினைவூட்டும் கடன் பத்திரங்கள் இவை. விழாப் பாத்திரங்களில் ‘புதுமனை புகுவிழா’, ‘நினைவாக’ முதலிய தொடர்கள் வரும்.

ஆய்வாளரைத் திணறடிப்பது பாத்திரமும் மூடியும் வெவ்வேறு பெயர் தாங்கி நிற்கும் நிலை. பாத்திரத்தில் தமிழில் ஒரு பெயர், மூடியில் மலையாளத்தில் வேறொரு பெயர் என்பது எல்லைப்புறத்தில் சாதாரணம். வருங்காலத் தொல்லியலார் இதைக் கண்டெடுத்தால் படையெடுப்பு என்றோ அரச குடும்பத்து மண உறவு என்றோ எழுதக்கூடும். நடந்தது இவ்வளவுதான்: ஓணத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது முறையல்ல என்பதால் அது பொங்கல்வரை காத்திருந்து, சர்க்கரைப் பொங்கலோடு திரும்பியது. அதற்குள் மூடிகள் மாறிவிட்டன. எந்த மூடி எந்த வீட்டில் எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்பது இரு வீட்டு அம்மாக்களுக்கும் தெரியும். இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் பாயசம் நின்றுபோகும்.

5. தட்பவெப்பக் காரணிகள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெயிற்காலத்தில் அடிக்கும் காற்று அனல். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் காலையில் பிசைந்த தயிர்ச்சோறு மதியத்துக்குள் வாயில் வைக்க முடியாதபடி புளிக்கும். இதற்கு அம்மாக்கள் கண்ட வழி: சோற்றைப் பால் விட்டுக் குழையப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்த்து மூடிவிடுவது. பஸ்ஸிலும் வகுப்பிலும் இருக்கும் நேரத்தில் பாத்திரத்துக்குள்ளேயே பால் தயிராகிவிடும். சாப்பிடுகிறவர் அதைப் புதுத் தயிர் என்று நம்புவார்.

மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சிக்கல்கள் வேறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் தாளிக்கும் முன் எண்ணெய் டப்பாவை அடுப்போரம் வைத்து இளக்க வேண்டும். இட்லி மாவு பொங்குவதற்கு ஒரு ராத்திரி போதாது. அதைக் கம்பளி போர்த்தி அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைக்கிற வீடுகள் உண்டு.

மூடியைப் பொறுத்தவரை குளிரின் விளைவு கடுமையானது. ஆவி பறக்கும் சோற்றை அடைத்து இறுக்க மூடினால், ஆற ஆற உள்ளிருக்கும் நீராவி தண்ணீராகி உள்ளழுத்தம் குறையும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மதியம் அதைத் திறக்க மாணவர் பெஞ்சு விளிம்பில் தட்டுவார். தேயிலைக் காட்டில் பாறை விளிம்பு பெஞ்சின் வேலையைச் செய்யும். மூடி நசுங்கும். நசுங்கிய மூடி அன்றிலிருந்து எந்தப் பாத்திரத்துக்கும் சொந்தமில்லை. இதை அறிந்த அம்மா சோற்றை ஆறவிட்டு மூடச் சொல்வார். ஆறுவதற்குள் பஸ் போய்விடும்.

6. மூடி மறையும் வழிகள்

முதல் வழி பள்ளிக்கூடம். கேரளத்தில் எட்டாம் வகுப்புவரை மதிய உணவு பள்ளியிலேயே கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாத்திரம் கட்டாயம். அங்கே மூடி என்பது மூடுவதற்கு அன்று, பங்கு வைப்பதற்கு. முட்டைப் பொரியலின் பாதி ஒரு மூடியில் ஏறி அடுத்த பெஞ்சுக்குப் போகும். அதே மூடி மாங்காய் ஊறுகாயோடு திரும்பும், அல்லது திரும்பாது. மலைக்குக் கீழே, தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் கம்பத்து அம்மாக்களின் காலைப் பரபரப்பைக் குறைத்திருப்பது இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாம் வழி வீட்டுக்குள்ளேயே நிகழும் பணிமாற்றம். மாமனார் ஆணியும் திருகும் போட்டு வைக்க ஒன்று. மாமியார் கோலமாவுக்கு ஒன்று. கொழுந்தன் பைக் ஆயிலை வடித்தெடுக்க ஒன்று. இது சமையலறைக்குத் திரும்பும் தகுதியை நிரந்தரமாக இழக்கிறது. பூனைக்குப் பால் வைக்க ஒன்று. கடைக்குட்டி மண் சோறாக்க ஒன்று.

மூன்றாம் வழியாகக் காட்டு விலங்குகள் மீது பழி போடும் வழக்கம் மலைப்பகுதியில் உண்டு. இது ஏற்கத்தக்கதன்று. சின்னக்கானல் பக்கத்து ரேஷன் கடைகளை அரிசிக்காக உடைத்துப் புகழ்பெற்ற அரிக்கொம்பன் யானை 2023 ஏப்ரலில் பெரியார் காட்டுக்கு மாற்றப்பட்டு, மே மாதம் எல்லை தாண்டிக் கம்பம் நகருக்குள் புகுந்து, ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறையால் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக்குப் போனது. இரு மாநில அரிசியையும் அறிந்த அந்த யானை பாத்திரமும் மூடியும் இல்லாமலே பயணம் செய்தது.

7. தேடும் முறைகள்

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் தேடும் முறை ஒரே மாதிரியானது. அலமாரிக்கு முன் நிற்பார்கள். எதையும் நகர்த்த மாட்டார்கள். மூடி தானாக முன்வரும் என்று சிறிது நேரம் காத்திருந்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். சித்தூர் வட்டாரத்தில் இது நிகழும் விதம்:

“அம்மா, என்ற மூடி எங்கம்மா?”

“ரெண்டாவது தட்டுல, புளிப்பானைக்குப் பின்னால பாரு கண்ணு.”

“இல்லீம்மா.”

“நான் வந்து எடுத்தா என்ன பண்ணுவே?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு இதுவரை எவரும் விடை கூறியதில்லை. அம்மா தோசைக்கல்லை விட்டு வருவார், புளிப்பானையை நகர்த்துவார், எடுப்பார். இதற்கிடையில் தோசை ஒன்று கருகும். கருகிய தோசை எவர் தட்டுக்குப் போகும் என்பது தனி ஆய்வுக்குரியது. அம்மா ஒரு கல்யாணத்துக்கென்று பொள்ளாச்சிக்குப் போயிருக்கும் நாளில் வீட்டில் ஒரு மூடியும் இருப்பதில்லை. திரும்பி வந்த மறுநாள் எல்லாம் இருக்கின்றன.

மும்பையின் டப்பாவாலாக்கள் மூடிமேல் எழுதும் குறிகளை வைத்துப் பல்லாயிரம் பாத்திரங்களைச் சரியாகச் சேர்ப்பதை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு வண்ணக் குறிகள் உண்டு, ஊர்வாரிப் பிரிவு உண்டு, சங்கம் உண்டு. எல்லைப்புறத்து அம்மாவிடம் குறி ஏதும் இல்லை. யாருக்கு மட்ட அரிசி, யாருக்குப் பொன்னி, யாருக்கு வெங்காயம் ஆகாது, எந்த மூடியின் எந்தப் பக்கத்தைத் தட்டினால் இறங்கும் என்பதெல்லாம் மனக்கணக்காகவே நடக்கின்றன. இவ்வாய்விலிருந்து பெறப்படும் விதிகள் மூன்று:

ஒன்று: பாத்திரங்களின் எண்ணிக்கையும் மூடிகளின் எண்ணிக்கையும் ஒருநாளும் சமமாகா.

இரண்டு: அம்மா தேடும்வரை மூடி காணாமற்போனதாகவே கருதப்படும்.

மூன்று: மூடியில்லாத பாத்திரம் அம்மாவின் பங்குக்கு வரும்.

8. மூன்றாம் விதியின் விளக்கம்

இந்த அம்மாக்களில் பலர் தாமும் வேலைக்குப் போகிறவர்கள்: கொழுந்து எடுக்கவோ, ஏலக்காய் பறிக்கவோ, மலையாளத்தில் தொழிலுறப்பு என்றும் தமிழில் நூறு நாள் வேலை என்றும் வழங்கும் திட்டத்துக்கோ. எல்லோருக்கும் பொருத்திக் கொடுத்த பிறகு மிஞ்சும் பாத்திரம் அவர்களுக்கு. அதன்மேல் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து, வாழையிலைத் துண்டு செருகி, துண்டால் முடிச்சுப் போட்டுக் கொண்டு போகிறார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைப் பேசியது. மூடியைப் பேசவில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் பெரும்பாலும் தமிழரான தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, ஒன்பது நாள் போராடி வென்றார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்கள் அமைப்பின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. அந்த நாட்களில் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லய வீடுகளில் மூடிகளைத் தேடிக் கண்டுபிடித்தவர் யார் என்பது பல்கலைக்கழகங்கள் இனி எடுத்துக்கொள்ள வேண்டிய தலைப்பு.

9. முடிவுகளும் பரிந்துரைகளும்

மூடி தொலைவதற்குப் பள்ளி, குளிர், பாயசம், பூனை ஆகியவை துணைக் காரணங்கள் மட்டுமே. மூலகாரணம் சாயங்காலம் பையிலிருந்து பாத்திரத்தை எடுக்காமல் விடுவது. மறுநாள் காலை பை திறக்கப்படும்போது உள்ளே மோர் மிளகாயின் மிச்சம் இருக்கும், மூடி இருக்காது.

பரிந்துரைகள் வருமாறு. சோறு கொண்டுபோனவர் அன்றைக்கே பாத்திரத்தையும் மூடியையும் தானே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஆண் பிள்ளை என்பது விலக்குக்குக் காரணமாகாது. மாமனாரின் ஆணிகளுக்குத் தனி டப்பா வாங்கித் தர வேண்டும். தேடுகிறவர் புளிப்பானையை நகர்த்திப் பார்த்த பிறகே குரல் கொடுக்க வேண்டும். பாத்திரக் கடையில் மூடியை மட்டும் தனியாகத் தரமாட்டார்கள் என்பதால், வீட்டில் நல்ல மூடியுள்ள பாத்திரத்தை முதலில் அம்மாவுக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றவர்கள் மிச்சத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும்.