சித்தப்பாவின் வெந்நீர்க் கணக்கு

கீசர் வாங்க வருகிறவர்கள் இரண்டு வகை என்று கடைக்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்: கேஸ் கேட்கிறவர், கரண்ட் கேட்கிறவர். மூன்றாவது வகையும் உண்டு. கேட்பார், கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். கோயம்புத்தூரில் வீதிக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பாக்கியம் சித்தப்பா மூலமாகக் கிடைத்தது.

சித்தப்பா பஞ்சாலை ஒன்றில் 31 வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு நட்டு போல்ட்டுகூட மில் கேட்டைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்தார். கொட்டேஷனை ஒப்படைக்க மறந்துவிட்டார். மகனுக்குப் பெண் பார்த்தபோது முதல் ஜாதகமே பத்துக்கு ஒன்பது பொருந்தியது. “இருக்கட்டும், இன்னும் ரெண்டு வரட்டும்” என்றவர் அவர்.

கதை 2018-ல், செம்பு பாய்லரை விற்றதில் ஆரம்பம். நடுவே நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் கொட்டாங்குச்சியும் தென்னை மட்டையும். ஊர்த் தோட்டத்திலிருந்து மட்டை வருவது நின்றது. மாடி வீட்டுக்காரருக்குப் புகை ஆகவில்லை. “கீசர் வாங்கீரலாம்” என்று சொல்லிப் பாய்லரைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டார். சொன்ன சொல் சொன்னபடியே இருக்கிறது, ஒரு அங்குலம் நகரவில்லை.

மில் டைரியின் மிச்சப் பக்கங்களில் கணக்கு தொடங்கியது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட் கரண்ட். நம்பாமல் நானும் போட்டுப் பார்த்தேன், 0.52 வந்தது. மனிதர் கணக்கில் புலி, அதை மறுக்கக் கூடாது. 2,000 வாட் கீசர் இந்த வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். வீட்டில் நாலு பேர், நாளுக்கு இரண்டு யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 120.

“கீசர் தண்ணி கொதிக்கக் கொதிக்க வரும். விளாவினா ஆளுக்கு ரெண்டு பக்கெட் ஆகுது. அவ்வளவு எதுக்கு?” என்று அடுத்த வாரம் சந்தேகம் வந்தது. வீட்டில் கணக்கெடுப்பு நடந்தது. யார் எத்தனை சொம்பு ஊற்றிக்கொள்கிறார்கள் என்று மருமகளிடம் கேட்கப் போய், அந்தப் பெண் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. டைரியில் அந்தக் கட்டம் மட்டும் இன்றும் காலி.

பிறகு கேஸ். ஒரு கிலோ கேஸை நல்ல கீசரில் எரித்தால், வீணானது போக, சுமார் பத்து யூனிட் கரண்ட் செய்கிற வேலையைச் செய்யும். 14.2 கிலோ சிலிண்டருக்கு 140 யூனிட் என்று வையுங்கள். சிலிண்டர் தொள்ளாயிரத்துக்குப் பக்கம். ஆக யூனிட்டுக்கு ஆறரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கரண்ட் அப்படி ஒரே விலையில் நிற்பதில்லை, படி ஏறும். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள். 500-ஐத் தாண்டிவிட்டால் எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு, கீழ்ப்படிகளில் கொடுத்த சலுகையில் ஒரு பகுதியும் திரும்பப் போய்விடும். எனவே, கீசரையும் சேர்த்து பில் 400-க்குள் நிற்கிற வீட்டுக்குக் கரண்ட் லாபம். ஏற்கெனவே 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கேஸ் லாபம். விஷயம் இவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் டைரியை மூடிவிட்டுச் செருப்பை மாட்டியிருப்பார்.

சித்தப்பா வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு 430 காட்டியது. ஆண்டவன் சிலரை வைத்து இப்படித்தான் பொழுது போக்குகிறான். அன்றிலிருந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு மீட்டர் பெட்டியின் முன் நிற்கிறார். மகன் ஏசி போட்ட மாதம் மனம் கேஸ் பக்கம் சாயும். மார்கழியில் மின்விசிறிகள் நின்றதும் கரண்ட் பக்கம் திரும்பும். மார்கழியில்தான் வெந்நீர் அதிகம் வேண்டும் என்பது தனிக் கணக்கு.

பணம் ஒத்துவந்தாலும் விடமாட்டார். மொட்டை மாடி டேங்க்குக்கும் குளியலறைக் குழாய்க்கும் டேப் பிடித்தார்: 8 அடி. 33 அடிக்கு ஒரு கிலோ பிரஷர் என்றால் 8 அடிக்குக் கால் கிலோதான். தண்ணீர் தள்ளுகிற வேகத்தில்தான் கேஸ் கீசர் பற்றிக்கொள்ளும். கால் கிலோவுக்கு அது கண் திறக்குமா? அது போக, பற்றவைக்க டார்ச் பேட்டரி இரண்டு வேண்டும். “பாதி சோப்புல பேட்டரி தீர்ந்தா?” கரண்டிலோ வேறு வில்லங்கம். சிறுவாணித் தண்ணீரென்றால் கவலையில்லை. போர்த் தண்ணீர் ஒரே வருஷத்தில் காயிலைச் சுண்ணாம்பாக்கிவிடும். சோலார் கொட்டேஷனும் வாங்கினார்; தீபாவளி ஐப்பசி அடைமழையில் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அது தள்ளுபடி ஆனது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. காந்திபுரத்துக் கடையில் ஒரு பையன், “பாத்ரூம் உள்ளயே மாட்டிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டான். சித்தப்பா அவனை நிற்கவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறையும். எரிவது அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், அதற்கென்றே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் கதவை உடைப்பார்கள். கேஸ் கீசரை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். பையன் தலையாட்டினான். சித்தப்பா கொட்டேஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். இப்போதெல்லாம் அவர் தலை தெரிந்ததும் அவன் டீ குடிக்கப் போய்விடுகிறான்.

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீரில் குளிக்கவில்லை. சின்னம்மா காலை ஐந்து மணிக்குக் கேஸ் அடுப்பில் அலுமினிய அண்டாவை ஏற்றுகிறார். நாலு நடை. சமையலறையிலிருந்து குளியலறைக்குப் பதினெட்டு எட்டு, நடுவே ஒரு வாசப்படி. அடுப்புக்கு ஐஎஸ்ஐ முத்திரை கிடைக்க, எரிகிற சூட்டில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போனால் போதும். நல்ல கேஸ் கீசர் 80-ஐத் தொடும். மூடி போடாத அண்டாவில் அந்த 68-லும் ஆவியாகப் போவது எவ்வளவோ. அதாவது, கேஸ் கீசரைவிடச் செலவு கூடின வெந்நீர் இது. டைரியில் இதற்கு மட்டும் பக்கமில்லை. இதற்கு யாரிடமும் கொட்டேஷன் வாங்கவில்லையே.

ஆனால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோவதைச் சித்தப்பா கவனிக்காமலில்லை. “கேஸ் கம்மியாப் போட்டு ஏமாத்தறாங்க” என்று ஒரு வில்தராசு வாங்கிவந்தார், மூன்று கடை விசாரித்துத்தான். சிலிண்டர் மேல் எழுதியிருக்கிற காலி எடையோடு 14.2-ஐக் கூட்டி, கொண்டுவந்தவரை வெயிலில் நிற்கவைத்து நிறுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. தராசு பழுது என்று எழுதிவைத்தார்.

அந்த நேரத்தில் சின்னம்மா உள்ளேயிருந்து, “ஏனுங்க, அந்த டைரியக் கொஞ்சம் குடுங்க” என்றார். ஏழு வருஷத்தில் சின்னம்மா கணக்கில் காட்டிய முதல் அக்கறை. சித்தப்பா முகம் மலர்ந்து எடுத்துக்கொண்டு ஓடினார்.

“கரித்துணியக் காணோம். அண்டா சுடுது.”

போன புரட்டாசியில் மகன் பொறுமை இழந்து, 15 லிட்டர் கரண்ட் கீசர் ஒன்றை வாங்கிவந்து இறக்கிவிட்டான். விசாரிக்காமல், முதல் கடையிலேயே. சித்தப்பா கோபப்படவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தார். 15 ஆம்பியர் பாயிண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா, தண்ணீரோடு சேர்ந்த எடையைக் குளியலறையின் நாலரை அங்குலச் சுவர் தாங்குமா என்று கேட்டார். எலக்ட்ரீஷியனிடமும் கொத்தனாரிடமும் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் சொல்லியாயிற்று, மூன்றாமவர் ஊரில் இல்லை.

பெட்டி ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் டேபிள் ஃபேன் வைத்திருக்கிறார்கள், உயரம் பொருத்தமாக இருக்கிறது. வாரண்டி இரண்டு வருஷம். பில் போட்ட தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.